தானாக வந்து உட்கார வேண்டிய குழாய்

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1998ஆம் ஆண்டு ஜிப்சி கிங் வண்டியை மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் முடுக்கியபோதுதான் அந்தத் தட்டலை முதன்முதலாகக் கேட்டேன். பானட்டுக்கு உள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கோ, ‘டிக், டிக், டிக்’ என்று இரும்பை இரும்பு மெல்லத் தட்டுவது போன்ற ஓசை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் உடன் விரைந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. மறுநாள் விடியலில் மீண்டும் வந்தது. அந்தத் தட்டலை நிரந்தரமாக நிறுத்த எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில், இரு உலோக முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங் மூன்று முறை மாற்றப்பட்டது, தலையில்லாத போல்ட்டான ஸ்டட் ஒன்று முறிந்தது, யாரும் பார்க்காத ஒரு விரிசல் வெளிப்பட்டது. எல்லாவற்றுக்கும் காரணமான பிழையோ, ஓசை வந்த இடத்திலிருந்து நான்கு அடி தள்ளி, வண்டியின் அடியில் இருந்தது.

ஜிப்சியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சுசுகியின் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 970 சி.சி. எஞ்சினுடன் 1985-இல் இந்தியாவில் இது வெளிவந்தது. 1996-இல் 1298 சி.சி. எஞ்சின் பொருத்திய ஜிப்சி கிங் வந்தது. கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு 2000-இல் வந்தது. 2019 வாக்கில் அதன் காலம் முடிவுக்கு வந்தது. தனிச் சேஸிஸ், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், மேடேறுவதற்குத் தாழ்நிலைப் பல்லிணை, ஒரு டன் அளவுக்கே எடை என்று எல்லாமே எளிமையானவை என்பதால், வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் பாதைகளிலும் ஆனைமலையடிவாரத் தோப்புகளிலும் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த ஜிப்சிகள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னுடையது கார்புரேட்டர் கொண்ட, எட்டு வால்வு எஞ்சின், கேன்வாஸ் கூரை. இரண்டாம் கையாக வாங்கியது. எனக்கு முன் வைத்திருந்தவர் சைலன்சரை முழுவதுமாக மாற்றியிருந்தார் என்பதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு வெகு நாள் கழித்தே விளங்கியது.

முதலில் சென்ற பட்டறையில், இது வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டின் ஓசை என்றார்கள். தவறான ஊகம்தான், ஆனால் அடிப்படையில்லாத ஊகமன்று. நான்கு வீச்சு எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். அதாவது நொடிக்கு ஆறேழு தட்டல்கள். ஒரே ஒரு சிலிண்டரின் புகைவாயில் கசிந்தாலும், அந்தச் சிலிண்டர் புகையை வெளித்தள்ளுவதும் நிமிடத்துக்கு அதே 400 முறைதான். ஆகவே தளர்ந்த டாப்பெட்டும் கசியும் பேக்கிங்கும் ஒரே தாளத்தில் தட்டுகின்றன. தாளத்தை மட்டும் கேட்டு இரண்டையும் பிரித்தறிய எவராலும் முடியாது. டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்து வாங்கி வந்தேன்; மறுநாள் காலையில் தட்டல் அப்படியே இருந்தது.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் புகைக் கசிவு என்று சரியாகவே சொன்னார்கள். எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டைக் கழற்றி, பேக்கிங்கை மாற்றி, மறுபடி முறுக்கிக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் அமைதியாக இருந்தது. பிறகு தட்டல் திரும்பியது. மீண்டும் ஒரு பேக்கிங், இம்முறை இருபுறமும் வெப்பம் தாங்கும் பசை தடவி. அது மூன்று மாதம் தாங்கியது. மூன்றாவது பேக்கிங் ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் ஆயுள் குறைந்துகொண்டே வந்தது என்பதே, தேய்வது பேக்கிங் அன்று, பேக்கிங்கைத் தேய்ப்பது வேறொன்று என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைக் கேட்கவில்லை. சிறிய தொல்லை, சூடானால் போய்விடுகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்படி விட்டது எவ்வளவு தவறு என்பதை வால்பாறைப் பயணம் ஒன்றில் உணர்ந்தேன். ஆழியாற்றைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டிய மலைப்பாதை அது. நல்ல மழை, பக்கவாட்டுக் கேன்வாஸை இழுத்துக் கட்டி, கண்ணாடிகளை மூடியிருந்தோம். முன்னிருக்கையில் அம்மா. பாதி ஏற்றத்தில் தலை கனக்கிறது என்றார். வளைவுகளால் வரும் மயக்கம் என்றே இருவரும் நினைத்தோம். அட்டகட்டியில் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றதும் சிறிது நேரத்தில் அவருக்குத் தெளிந்தது. மறுபடி ஏறிச் சென்றதும் தலைவலி திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜிப்சியில் கியர் கம்பியும் நான்கு சக்கர இயக்கத்துக்கான கம்பியும் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. அவற்றைச் சுற்றிய ரப்பர் உறைகளில் ஒன்று என் வண்டியில் கிழிந்திருந்தது. எஞ்சின் அறையின் பின்கோடியில் கசிகிற புகை, அந்தக் கிழிசல் வழியாக நேராக எங்கள் காலடிக்கு வந்திருக்கிறது.

பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தை எளிதில் விடுவதுமில்லை. தலைவலியும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் அதன் முதல் அடையாளங்கள், மூன்றும் மலைப்பயணத்தில் எவருக்கும் வரக்கூடியவை என்பதால் யாரும் வண்டியைச் சந்தேகிப்பதில்லை. கார்புரேட்டர் எஞ்சின்கள், அதிலும் குளிர்ந்த நிலையில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைச் செறிவாக்கும் சோக்கை இழுத்து ஓடுபவை, இந்த வாயுவை அதிகமாகவே உண்டாக்குகின்றன. அன்று எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே ஊர் திரும்பினோம். காரணம் கண்டறியப்படும்வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றுவதில்லை என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். பானட்டைத் திறக்கச் சொல்லி, குளிர்ந்த எஞ்சினை முடுக்கவைத்து, கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டார். பிறகு, காப்பிட்ட குறடால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் கேபிளையும் ஒரு கணம் இழுத்து மாட்டினார். முதல் மூன்றில் எஞ்சின் குலுங்கியதே தவிர தட்டல் மாறவில்லை. நான்காவதை இழுத்ததும் தட்டல் சட்டென்று அடங்கியது. டாப்பெட்டாக இருந்தால் சிலிண்டரில் எரிதல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தட்டிக்கொண்டேதான் இருக்கும். எரிதலை நிறுத்தியதும் ஓசை அடங்கினால் அது புகையின் அழுத்தத்தால் வருவது. இரண்டு நிமிடச் சோதனை இது. இரண்டு ஆண்டுகளில் வேறு எவரும் இதைச் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்து எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, வீட்டில் தூசு உறிஞ்சும் கருவியின் குழாயை ஊதும் பக்கம் மாட்டி, மறுமுனையைச் சைலன்சரின் வாலில் துணி சுற்றிப் பொருத்தினோம். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, வண்ணம் பூசும் தூரிகையால் மேனிஃபோல்டின் விளிம்பெங்கும் தடவினோம். நான்காம் சிலிண்டரின் வாயிலில், கீழ் மூலையில், நுரை பொங்கிக் குமிழியிட்டது. எதிர்பார்த்த இடம்தான். எதிர்பாராதது இன்னொன்று: மேனிஃபோல்டின் அடிவயிற்றில், கை மட்டுமே எட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியிலிருந்தும் நுரை வழிந்து சொட்டியது. அண்ணன் விரலை அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, “கழட்டிப் பாத்துட்டுப் பேசிக்கலாங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

மேனிஃபோல்டைக் கழற்றுவது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி; அவசரப்படுகிறவர்கள் தோற்கும் இடமும் அதுவே. சிலிண்டர்களின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டில் எஃகு ஸ்டட். அதன்மேல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். கால் நூற்றாண்டு வெப்பமும் மலைமழையும். மூன்று இரவுகள், ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தோம். நான்காம் நாள், எஞ்சினைச் சிறிது சூடாக்கி, 12ஆம் எண் பாக்ஸ் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் தளர்த்துவதற்கு முன் இம்மியளவு இறுக்கினோம். கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆனால் துருவின் பிடி உடைவதற்குத் தேவையானது அசைவு மட்டுமே. எந்தப் பக்கம் என்பது பொருட்டன்று. ‘கிரீச்’ என்ற ஓசையுடன் பிடி விட்டதும் கால் சுற்றுத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படியே முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவந்தோம். எல்லாம் வந்தன, நான்காம் சிலிண்டரின் பின்கோடி ஸ்டட்டைத் தவிர. அது திரும்புவது போலத் திரும்பி, கையில் இதமாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இளகியது. முறியும் ஸ்டட் அப்படித்தான் இளகும். ஹெட்டின் முகத்தோடு முகமாக முறிந்து நின்றது.

அந்த ஸ்டட்டின் முறிந்த முகத்தை உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் முக்கால் பகுதி கறுத்து, புகைக்கரி ஏறி இருந்தது. கால் பகுதி மட்டும் புதிய எஃகாகப் பளபளத்தது. அதாவது, என் கையில் முறிந்தது அந்தக் கால் பகுதிதான். மீதி எப்போதோ, எத்தனையோ மாதங்களுக்கு முன்பே வெடித்துத் திறந்திருக்கிறது. மூன்று பேக்கிங்குகளையும் பிடித்து வைத்திருந்தது ஒரு கால் ஸ்டட்.

ஏன் எப்போதும் கோடியில் இருப்பதே முறிகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. வார்ப்பிரும்பு, ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு நீள்கிறது. அலுமினியம் ஏறத்தாழ 23 பங்கு. அப்படியானால் அலுமினியம்தானே அதிகம் நீள வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஹெட், உள்ளே ஓடும் தண்ணீரால் 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மேனிஃபோல்ட் அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடேறுகிறது. அதன் விளிம்பு 400 டிகிரியை எட்டுவதாக வைத்துக்கொண்டால், 300 மி.மீ. நீள விளிம்பு சுமார் 1.25 மி.மீ. நீள்கிறது, அதே நீள ஹெட் சுமார் 0.55 மி.மீ. மட்டுமே நீள்கிறது. மிச்சமுள்ள 0.7 மி.மீ. ஒவ்வொரு முறை வண்டி சூடேறி ஆறும்போதும் வழுக்கிப் போய்வர வேண்டும். நடு ஸ்டட்டுகளுக்கு இந்த நகர்வு அனேகமாகத் தெரியாது. முழுவதும் கோடியில்தான் சேர்கிறது. இதற்காகவே மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாகத் துளைக்கப்பட்டிருக்கின்றன. துளையில் துரு அடைத்துக்கொண்டாலோ, பசையைப் பூசி ஒட்டிவிட்டாலோ, நட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டாலோ, வழுக்க வேண்டிய உலோகம் ஸ்டட்டை வளைக்கத் தொடங்குகிறது. கசிகிறதே என்று இன்னும் இறுக்குகிறவர், அந்தக் கசிவின் அடுத்த காரணத்தைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார்.

குளிரில் தட்டலும் சூட்டில் அமைதியும் ஏன் என்பதற்கும் விடை இந்த நீட்சியில்தான். ஆறிய நிலையில் திறந்திருக்கும் இடுக்கு, உலோகம் விரிந்ததும் தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. ஓசை போகிறது, கசிவு முழுவதும் போவதில்லை.

முறிந்த ஸ்டட்டை எடுக்க டிரில் போடலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் மறுத்துவிட்டார். எஃகு ஸ்டட்டில் இறங்கும் டிரில், சற்றே விலகினாலும் மிருதுவான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். அவர் செய்தது வேறு. பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் நனைத்த சாக்கால் மூடி, அருகில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, வெல்டிங் தெரிந்த ஒருவரை வரவழைத்தார். முறிந்த ஸ்டட்டின் முகத்தில் ஒரு பெரிய நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டு போட்டு, ஸ்டட்டோடு அதை ஒன்றாக்கினார்கள். எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டுக்குப் பழுதில்லை. அந்தக் கடும் சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் மரைகளைப் பிடித்திருந்த துரு நொறுங்கிவிடும். முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது நட்டு செந்நிறம் மாறிக் கறுத்துவரும் வேளையில், அதன் அடியில் மெழுகுவர்த்தியைத் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சப்பட்டது. ஸ்பேனரை வைத்து மெல்ல அசைத்தபோது, முறிந்த துண்டு நட்டோடு சேர்ந்து, எந்த எதிர்ப்பும் இல்லாமல் திரும்பி வெளியே வந்தது. 20 மி.மீ. நீளம்கூட இராத துரும்பு. இன்றும் என் மேசையில் இருக்கிறது.

இதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டட் முறிந்த அன்று, மேனிஃபோல்டிலிருந்து கீழே போகும் முன்குழாயின் இணைப்பு விளிம்பான ஃபிளாஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றினோம். கடைசிப் போல்ட் வெளியே வந்த கணத்தில், அந்தக் குழாய் ‘டங்’ என்று துள்ளி, இரண்டு விரற்கடை கீழேயும் ஒரு பக்கமாகவும் விலகி நின்றது. அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு, வண்டியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் கண்டது இதுதான். எனக்கு முன் வைத்திருந்தவர் மாற்றிய சைலன்சரில், முன்குழாய் ஓரிடத்தில் அறுத்து ஒட்டப்பட்டிருந்தது; ஒட்டு சற்றே கோணலாக இருந்ததால், குழாயின் தலை இயல்பாக நிற்கும் இடம் மேனிஃபோல்டின் வாய்க்கு நேராக இல்லை. ஒவ்வொரு முறையும் கம்பியைக் கொடுத்து நெம்பி, வாய்க்கு வாய் பொருத்தி, போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். போதாததற்கு, சைலன்சரைச் சேஸிஸோடு தொங்கவிடும் ரப்பர்களில் ஒன்று அறுந்து, அந்த இடத்தில் கட்டுக்கம்பி இருந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் ஒன்றும் நசுங்கிப் போயிருந்தது. எஞ்சின் தன் மவுண்டுகளில் அசையும்; சேஸிஸ் பாறைகளில் முறுக்கிக்கொள்ளும்; இரண்டுக்கும் இடையிலான அசைவை ரப்பர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள ஆளில்லாதபோது, சைலன்சரின் எடையும் எஞ்சினின் ஆட்டமும் கோணல் குழாயின் இழுப்பும் மேனிஃபோல்டின் விளிம்பில் போய் நின்றன. எஸ்டேட் பாதையில் ஒவ்வொரு குழியிலும் அந்தக் குழாய் ஒரு நெம்புகோலாகி, நான்காம் சிலிண்டரின் மூலையைப் பிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“குழாய் தானா வந்து உக்காரோணுங்க தம்பி. நாம இழுத்து உக்கார வெச்சோம்னா, அது எந்நேரமும் எந்திரிச்சுப் போறதுக்கே பாத்துட்டு இருக்கும்” என்றார் அண்ணன், முகத்தில் விழுந்த துருவைத் துடைத்தபடி.

மேனிஃபோல்டை வெளியே எடுத்து, கம்பித் தூரிகையால் துலக்கினோம். பேக்கிங்கின் மிச்சத்தைச் சுரண்டும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதன் தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது. நேர்விளிம்புப் பட்டையை நான்கு வாயில்களின் மேல் வைத்து, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது, நான்காம் வாயிலின் ஓரத்தில் 0.40 மி.மீ. தகடு தடையின்றி நுழைந்தது. 0.10 மி.மீ. கோணல் இருந்தாலே பேக்கிங் நெடுநாள் தாங்காது. ஆக, மூன்று பேக்கிங்குகளும் சமமில்லாத முகத்தில்தான் உட்கார்த்தப்பட்டிருந்தன.

பிறகு அடிவயிற்றுக் கசிவைத் தேடினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை. அண்ணன் ஒரு தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, மேனிஃபோல்டை அதில் ஒரு மணி நேரம் கிடத்தினார். எடுத்து, துணியால் உலரத் துடைத்து, வெயிலில் சிறிது நேரம் வைத்து, பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியைப் பொடித்து மேலே தூவினார். நாங்கள் இருவரும் திண்ணையில் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். சில நிமிடங்களில், வெள்ளைப் பொடியின் நடுவே ஈரமான சாம்பல்நிறக் கோடு ஒன்று மெல்ல எழுந்தது. முதலில் நெல்மணி நீளம். பிறகு நீண்டு, வளைந்து, நான்காம் குழல் பொதுவயிற்றோடு சேரும் மூலையில் 35 மி.மீ. அளவுக்கு ஓடி நின்றது. வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெயைச் சாக்குப்பொடி உறிஞ்சி வெளியே இழுத்துக் காட்டிவிட்டது. விலையுயர்ந்த எந்தக் கருவியும் இல்லாமல், ஒளிந்திருந்த பிணி தன்னைத்தானே எழுதிக்காட்டியதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மாற்று மேனிஃபோல்ட் கிடைத்தால் நல்லது என்று கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு நாள் முழுவதும் அலைந்தேன். கையில் சாக்கட்டியும் சிறு புட்டியில் மண்ணெண்ணெயும். இந்த எஞ்சினுக்கு உரியவை மூன்று கிடைத்தன. இரண்டில் வெடிப்பு, மூன்றாவதில் விளிம்பு என்னுடையதைவிடக் கோணல். இத்தனை ஆண்டுகள் தீயில் வெந்த வார்ப்பிரும்பு எந்த வண்டியிலிருந்து வந்தாலும் அப்படித்தான் இருக்கும். என்னுடையதையே சரிசெய்வது என்று முடிவாயிற்று.

வார்ப்பிரும்பில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இருப்பதால், சாதாரண ராடால் வெல்டு போட்டால் ஒட்டின் ஓரமெங்கும் கண்ணாடி போல இறுகி, ஆறும்போதே புதிதாக வெடிக்கும். கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் இதற்கென்றே பெயர் பெற்ற ஒரு பட்டறைக்கு அண்ணன் என்னை அழைத்துச் சென்றார். அங்கிருந்த முதிய மேஸ்திரி, வெடிப்பின் இரு நுனிகளையும் கண்டுபிடித்து, ஒவ்வொரு நுனியிலும் 3 மி.மீ. துளையிட்டார், கூர்நுனியில் குவியும் இழுவிசை, வட்டத் துளையைக் கண்டதும் சிதறிவிடும், வெடிப்பு மேலும் ஓடாது. பிறகு வெடிப்பு நெடுக வாய்க்கால் போலக் குடைந்தார். உலையில் வைத்து முழு மேனிஃபோல்டையும் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வரி போட்டார். உடனே உருண்டைத் தலைச் சுத்தியால் அந்த வரியைச் சிறுசிறு அடிகளாகத் தட்டினார். ஆறும்போது சுருங்க விரும்பும் உலோகத்தைத் தட்டி விரித்துக் கொடுப்பதால் இழுப்பு தணிகிறது. மறுபடி ஒரு வரி, மறுபடி தட்டல். முடிந்ததும், பெரிய பீப்பாயில் இருந்த சாம்பலுக்குள் ஆழப் புதைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க. இன்னிக்குத் தொறந்து பாக்கப்படாது” என்றார். மறுநாள் எடுத்தபோதும் உள்ளே கை பொறுக்கும் சூடு இருந்தது. சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் விளிம்பைச் சமன்செய்து முடித்ததும், நேர்விளிம்புப் பட்டையின் கீழ் 0.05 மி.மீ. தகடுகூட எங்கும் நுழையவில்லை.

திரும்பப் பொருத்தும் வேலையை மேனிஃபோல்டில் தொடங்காமல் வண்டியின் அடியிலிருந்து தொடங்கினோம். எஞ்சின் மவுண்டுகள் இரண்டும் புதிது. தொங்கு ரப்பர்கள் அனைத்தும் புதிது. ஹெட்டின் முகத்தில் நான்காம் வாயிலைச் சுற்றிப் புகை அரித்திருந்ததை எண்ணெய்க் கல்லால் மெல்லத் தேய்த்துச் சமனாக்கினேன். மரை வெட்டும் டேப் கருவியை விட்டு மரைகளைத் துலக்கி, எல்லா ஸ்டட்டுகளையும் புதியதாக மாற்றினோம். பேக்கிங்கை எந்தப் பசையும் இல்லாமல் உலர்ந்தபடியே வைத்து, நடு நட்டிலிருந்து தொடங்கி மாறிமாறிக் கோடிகளை நோக்கி, மூன்று சுற்றுகளில், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 20 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்தினோம். அந்த அளவு கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும். இன்னும் கொஞ்சம் என்று மணிக்கட்டு கேட்கும். கொடுக்கக் கூடாது.

கடைசியாகக் கோணல் குழாய். ஒட்டை அறுத்து இரண்டாக்கினோம். பின்பாதியைப் புது ரப்பர்களில் தொங்கவிட்டோம். முன்பாதியின் தலையை மேனிஃபோல்டின் வாயில் புது வளையத்துடன் கையாலேயே பொருத்தினோம். இரண்டு பாதிகளும் தத்தம் இடத்தில் எந்த வலிந்த இழுப்புமின்றி நின்றபோது, நடுவே பிறைநிலா போல ஒரு இடைவெளி தெரிந்தது. ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் 12 மி.மீ. திறந்தும். இரண்டு ஆண்டுகளாக நான் தேடிய பிழையின் உருவம் அதுதான். அந்தப் பிறையின் அளவுக்குத் தகடு வெட்டி, அங்கேயே புள்ளிவைத்து ஒட்டி, கீழே இறக்கி முழுவதும் வெல்டு போட்டு, மறுபடி ஏற்றினோம். ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் ஸ்பேனர் இல்லாமல், விரலாலேயே கடைசி மரைவரை இறங்கின. கியர் கம்பியின் கிழிந்த உறையையும் அன்றே மாற்றினேன்.

சோப்பு நுரை எங்கும் குமிழியிடவில்லை. முடுக்கியபோது தட்டல் இல்லை. ஆனால் குளிர்காலைதான் உண்மையான சோதனை என்பதால் நாங்கள் இருவரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணன் தாமாகவே வந்து வாசலில் நின்றார். சோக்கை இழுத்து முடுக்கினேன். காற்றாடியின் இரைச்சலும் டைமிங் பெல்ட்டின் மெல்லிய ஓட்டமும் கேட்டன, வேறொன்றும் இல்லை. அவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, “ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு, நல்லா ஆறுனதுக்கப்புறம் நட்டை ஒருக்கா பாத்துருங்க தம்பி” என்று சொல்லிப் பால் வாங்கப் போனார்.

ஐநூறாவது கிலோமீட்டரில் பார்த்தேன். நடுவில் இருந்த இரண்டு நட்டுகள் மட்டும் எட்டில் ஒரு பங்கு சுற்று வாங்கின. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வால்பாறைக்குப் போனேன். அன்றும் மழை, கண்ணாடிகள் மூடியே இருந்தன. பொருட்களை எரிக்கும் இடங்களில் வைக்கும் கார்பன் மோனாக்சைடு உணர்கருவி ஒன்றை வாங்கி, டேஷ்போர்டில் வைத்திருந்தேன். ஆழியாற்றிலிருந்து மேலேறி நாற்பதாம் வளைவைக் கடக்கும்வரை அதன் திரையில் பூச்சியம் மாறவில்லை. மலைச்சுவரை ஒட்டி ஏறும் இடங்களில் கண்ணாடியைச் சிறிது இறக்கி, சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையைக் கேட்டுப் பார்த்தேன். அட்டகட்டியில் நிறுத்தட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், போகலாம் என்றார் அம்மா. இப்போது ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வண்டியின் அடியில் படுத்து, தொங்கு ரப்பர்களை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். அந்த நிக்கல் வரியின் இரு நுனிகளிலும் மண்ணெண்ணெய் தொட்டு, சாக்குப்பொடி தூவிக் காத்திருக்கிறேன். இதுவரை பொடி வெள்ளையாகவே இருக்கிறது.